அழுகையை ஓட்டிவிடுகிறவர்

காலை ரயிலின் பெண்கள் பெட்டியில் அவரைப் பார்ப்பேன். வேப்பம்பட்டில் ஏறி, கம்பெனி வேலைக்காக அம்பத்தூரில் இறங்குவார். புடவைக்கு மேல் நீலக் கோட்டு, ஒற்றைக் காதில் இயர்போன். வீட்டில் கேபிளை எடுத்துவிட்டதால் முந்தின நாள் சீரியலை போனில்தான் பார்ப்பார். திரையில் யாராவது அழ ஆரம்பித்தால் போதும், கட்டைவிரலால் இரண்டு தட்டுத் தட்டி அந்தக் காட்சியைத் தாண்டி ஓட்டிவிடுவார்.

“இப்படி ஓட்டினா கதை புரியுமாக்கா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கேபிள்ல பாக்கசொல்லோ, அந்தக் கதாநாயகி அழுது முடிக்கிற வரைக்கும் நானும் குந்திகினு இருந்தேன். இப்போ என் கைல கீது. அழுவுறதை எடுத்துட்டா மொத்தக் கதையும் ஆவடி வர்றதுக்குள்ள முடிஞ்சுடும்மா.”

அடுத்த வாரம் திரையில் ஒருவர் கதறிக்கொண்டிருந்தார். இவர் விரல் அசையவில்லை. காட்சி முடிந்ததும் பின்னால் தள்ளி, மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

“இன்னிக்கு ஓட்டலையா?”

“இது அவ புருசன் அழுவுறான்மா” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்பத்தூர் வரும்வரை அதையே பார்த்தார். பிறகு போனைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, ஏதோ நல்ல காரியத்தை முடித்தவரைப்போல் இறங்கிப் போனார்.

அவர் வீட்டுக்காரரைப் பற்றி நான் கேட்டதே இல்லை.