அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பட்டாளம்

பூந்தமல்லி பாஸ்கலிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவர் எப்படி இருக்கிறாரோ அப்படியே சிலை செய்துவிடுவார். குடியோ சீட்டாட்டமோ என்றால் பங்குச் சாமியாரிடம் சொல்லித் திருத்தியிருக்கலாம். இது திருந்துகிற ரகமில்லை என்று அவர் மனைவி சகாயம்மாளே கைவிட்டுவிட்டாள்.

பட்டணத்தில் சிற்பம் படிக்கப் போன இடத்தில்தான் இந்தப் பழக்கம் தொற்றியது. முதலில் எலும்பைப் பார், பிறகு சதையைப் பார், கடைசியில் தோலைப் பார் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். ஐந்து வருஷம் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். ஊருக்கோ எலும்பு, சதை எதுவும் வேண்டியிருக்கவில்லை. மாதா கோயிலுக்கு இறக்கை வைத்த சம்மனசு ஒன்று செய்யச் சொன்னார்கள். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு குழந்தையைப் பார்த்து அச்சாக வடித்தார். விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. மோட்சத்தில் பஞ்சமா என்று சாமியார் கேட்டுவிட்டு, பட்டணத்திலிருந்து கொழுகொழுவென்று ஒன்றை வரவழைத்துக்கொண்டார். அதன் பிறகு கல்லறைச் சிலுவையும், பங்களா வாசலுக்குச் சிமெண்டுச் சிங்கமும் செய்துதான் பாஸ்கல் காலம் தள்ளினார். சிங்கங்களுக்கு நல்ல பெயர் இருந்தது. உண்மையான சிங்கத்தை யாரும் பார்த்ததில்லை.

முப்பத்தெட்டாம் வருஷம் காட்டுப்பாக்கம் பரந்தாம முதலியார் ஆளனுப்பினார். சர்க்காரிடமிருந்து ராவ்சாகிப் பட்டம் வரப்போவதாக முதலியாருக்கு ஒரு நம்பிக்கை. பட்டம் வரும்போது கூடத்தில் மார்பளவுச் சிலை ஒன்று தயாராக இருக்க வேண்டும். முதலியார் பதினொரு நாள் உட்கார்ந்தார். பன்னிரண்டாம் நாள் ஈரத்துணியை விலக்கியதும் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் ஆளைத் தெரிந்துவிட்டது. இரட்டைத் தாடை, இடது கண்ணில் பாதி இறங்கிய இமை, எதையும் கொடுக்க மனமில்லாமல் இறுகிய உதடு. தெரிந்ததுதான் குற்றம். இது நானில்லை என்றார் முதலியார். கணக்கப்பிள்ளையும் இல்லை என்றார். முதலியாரின் மனைவியும் இல்லை என்றாள். வீட்டு நாய் மட்டும் சிலையைப் பார்த்து வாலாட்டியது.

களிமண் சிலை மாட்டுவண்டியில் பூந்தமல்லிக்குத் திரும்பி வந்து, சிமெண்டில் வார்க்கப்பட்டு, பாஸ்கல் வீட்டுக் கொல்லையில் நின்றது. தோள் அகலமாக இருந்ததால் ஈரவேட்டி காயப்போட வாகாக இருக்கிறதென்று சகாயம்மாள் வைத்துக்கொண்டாள்.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. ஆவடிப் பக்கம் பட்டாளம் வந்து இறங்கியது. ஒருநாள் ஒரு வெள்ளைக்கார கேப்டன், பொம்மை செய்கிறவன் வீடு எது என்று கேட்டுக்கொண்டு ஜீப்பில் வந்தார். கூடவே முகாம் குமாஸ்தா எட்மண்ட். சேக்காட்டுக்காரர். இரண்டு பக்கமும் சண்டை வராதபடி மொழிபெயர்ப்பதில் கெட்டிக்காரர்.

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நாற்பது போலிச் சிப்பாய்கள் நிற்க வேண்டும். மேலே பறக்கிற எதிரி அதைப் பார்த்து ஏமாந்து, உண்மையான முகாமை விட்டுவிட்டு அங்கே குண்டு போட வேண்டும். இதுதான் கேப்டனின் திட்டம். மாதிரிக்கு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். மூங்கில் சிலுவை, வைக்கோல் அடைத்த சாக்கு, தலைக்கு ஒரு சட்டி.

பாஸ்கல் அதைச் சுற்றிவந்து பார்த்தார். “இத்த மனுசன்னு நெனைக்க அவன் இன்னா காக்காவா?” என்றார்.

உங்கள் யோசனை அவருக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்று எட்மண்ட் இங்கிலீஷில் சொன்னார்.

உடம்புக்கு வைக்கோல் என்பதை பாஸ்கல் ஒத்துக்கொண்டார். சட்டியை ஒத்துக்கொள்ளவில்லை. அயனம்பாக்கத்துக்கே போய் ஒரு பந்தல் போட்டுக்கொண்டு, ஊர்க்காரர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துக் களிமண்ணில் முகம் பிடித்தார். அச்செடுத்து, சிமெண்டில் மெல்லிசாக வார்த்து, மூங்கிலில் பொருத்தினார். கேப்டன் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆயிரம் அடி உயரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு மூக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

“அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுங்களே” என்றார் பாஸ்கல்.

ஜப்பான்காரர்களின் கண் மிகவும் கூர்மை என்று இவர் கேள்விப்பட்டிருக்கிறார் என்றார் எட்மண்ட். கேப்டன் யோசித்துவிட்டுப் போய்விட்டார்.

முதலில் உட்கார்ந்தவர் கிணறு வெட்டும் நாகப்பன். ஒடுங்கிய கன்னம், அடர்ந்த மீசை, நெற்றியில் கல் தெறித்த வடு. வெயிலில் மூன்று மணி நேரம் உட்காரவைத்ததில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னா அண்ணாத்தே, மூஞ்சையே பாத்துகினு கீற? எம் பொஞ்சாதி கூட இவ்ளோ நேரம் பாத்ததில்ல” என்றார். பாஸ்கல் அந்தக் கோபத்தையும் சேர்த்துப் பிடித்தார். மீசையை உத்தேசித்து அவரை ஹவில்தார் ஆக்கினார்.

நிற்கவைத்த விதத்தில்தான் அடுத்த தகராறு. நான்கு வரிசையாக, விறைப்பாக நிற்க வேண்டும் என்பது உத்தரவு. பாஸ்கல் முகாமுக்குப் போய் இரண்டு நாள் சிப்பாய்களைப் பார்த்தார். அதிகாரி தலை மறைந்ததும் ஒருவனும் விறைப்பாக நிற்கவில்லை. ஆகவே ஏரிக்கரையில் ஒருவன் குந்திப் பீடி பிடித்தான். ஒருவன் முதுகைச் சொறிந்தான். இரண்டு பேர் தலையைச் சேர்த்து ரகசியம் பேசினார்கள். நாகப்பன் ஹவில்தார் இடுப்பில் கைவைத்து அவர்களை முறைத்தார்.

ஊர் முழுக்க வந்து தன்னைத் தானே பார்த்துப் போயிற்று. செய்தி காட்டுப்பாக்கத்துக்கும் எட்டியது. மறுநாளே பரந்தாம முதலியார் குதிரைவண்டியில் வந்து இறங்கினார்.

“எங் கெணத்துல சேறு வார்றவன் ஹவில்தார். நான் இன்னா, பட்டாளத்துக்கு ஆவாதவனா?” என்றார்.

சர்க்காருக்கு யுத்த சேவை செய்தவர்கள் பட்டியலில் பேர் வர இதுவும் ஒரு வழி என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். முகம் தயாராகத்தான் இருக்கிறது என்றார் பாஸ்கல். கொல்லையில் வேட்டியை எடுத்துவிட்டு அச்செடுத்தார். வைக்கோல் முதலியாரை அதிகாரி உடுப்பில் ஒரு நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தார். நான்கு வருஷத்துக்கு முன் நானில்லை என்ற அதே முகத்தை இப்போது முதலியார் வெகுநேரம் பார்த்தார். தொப்பி பொருத்தமாக இருக்கிறது என்றார்.

எதிரி வரவில்லை. எருமைகள் வந்தன. ஒரே வாரத்தில் மூன்று சிப்பாய்களின் வயிற்றையும் ஒரு லான்ஸ் நாயக்கின் தொடையையும் தின்றுவிட்டன. அதிகாரியின் முழங்காலில் வாய் வைக்கும்போது ஊர்க்காரர்கள் விரட்டினார்கள். கேப்டன் மேலிடத்துக்கு எழுதி, போலிச் சிப்பாய்களைக் காவல் காக்க இரண்டு நிஜச் சிப்பாய்களை வாங்கினார். அந்த இரண்டு பேரும் மரத்தடியில் படுத்துத் தூங்கினார்கள்.

ஜூன் மாதம் நம் தரப்பு விமானம் ஒன்று மேலே பறந்து சோதனை பார்த்தது. சட்டித் தலையோடு விறைப்பாக இன்னொரு பட்டாளத்தை வேறோர் இடத்தில் ஒரு காண்டிராக்டர் நிறுத்தியிருந்தார். அதைப் பற்றி விமானி ஒரே வரிதான் எழுதினான்: பொம்மைகள், நாற்பது. அயனம்பாக்கத்தைப் பற்றி முக்கால் பக்கம் எழுதியிருந்தான். அங்கே நாற்பது சிப்பாய்கள் ஒழுங்கீனமாகத் திரிகிறார்கள், சிலர் புகைபிடிக்கிறார்கள், அதிகாரி நாற்காலியில் தூங்குகிறார், உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்.

நடவடிக்கை எடுக்கப்பட்டது. உன் ஆட்களுக்கு ஏன் தண்டனை தரக்கூடாது என்று கேப்டனிடம் விளக்கம் கேட்டார்கள். அவர்கள் வைக்கோல் என்று கேப்டன் பதில் எழுதினார். அப்புறம் கேப்டன் மேஜர் ஆனார். பாஸ்கலுக்கு ஒரு நற்சாட்சிப் பத்திரம் வந்தது. அதில் மிஸ்டர் பார்சல் என்று அச்சடித்திருந்தார்கள். முதலியாருக்கு ஒன்றும் வரவில்லை. வாராவாரம் வண்டியில் வந்து தன்னைப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் நாகப்பன் விஷக்காய்ச்சலில் இறந்துபோனார். மூன்று நாளில் முடிந்துவிட்டது. காரியம் எல்லாம் ஆனபின் அவர் மனைவி வேம்புலியம்மாள் ஏரிக்கரைக்குப் போனாள். கல்யாணத்துக்குக் கூட அவர்கள் போட்டோ பிடித்துக்கொண்டதில்லை. நாகப்பனின் முகம் உலகத்தில் அந்த ஓரிடத்தில்தான் மிச்சமிருந்தது. அதை எடுக்கப் போனவளை இரண்டு நிஜச் சிப்பாய்களும் விழித்துக்கொண்டு தடுத்தார்கள். அது சர்க்கார் சொத்து.

அவள் பூந்தமல்லிக்கு நடந்துவந்து பாஸ்கலிடம் சொன்னாள். இருவரும் முகாமுக்குப் போனார்கள். எட்மண்ட் விதியை எடுத்துப் பார்த்தார். தலை, மனிதன், சிமெண்டு, ஒன்று என்று குறிப்பிட்டு மூன்று பிரதிகளில் மனுப் போட வேண்டும். அது தன்னுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும். யுத்தம் முடிந்தபின் பரிசீலிப்பார்கள்.

“எம் புருசன்தான்னு எத்தனி பேர் வந்து சொல்லணும்?” என்று வேம்புலியம்மாள் கேட்டாள்.

எட்மண்ட் அதை யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. பேரேட்டைத் திறந்து, ஹவில்தார் ஒன்று, தலை உட்பட எருமை தின்றது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழே மேஜரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

பட்டப்பகலில், இரண்டு சிப்பாய்களும் பார்த்துக்கொண்டிருக்க, பாஸ்கல் நாகப்பனின் முகத்தைக் கழற்றி ஒரு சாக்கில் சுற்றி அவள் வீட்டில் கொண்டுபோய் வைத்தார். வேம்புலியம்மாள் முந்தானையால் தூசி துடைத்தாள். மீசையைத் தொட்டாள். நெற்றி வடுவில் விரல் வைத்தாள்.

“இன்னாத்துக்கு இவ்ளோ கோவமா கீறாரு?” என்றாள்.

வெயிலில் உட்காரவைத்ததைச் சொல்லி, பாஸ்கல் மன்னிப்புக் கேட்பதுபோல் நின்றார். வேண்டுமானால் கொஞ்சம் சாந்து பூசிச் சிரித்த முகமாக மாற்றித் தருகிறேன் என்றார். வாழ்க்கையில் அவர் யாருக்கும் அப்படிச் சொன்னதில்லை.

“வேணாங்க. இப்டித்தான் இருப்பாரு. அப்டியே இர்க்கட்டும்.”

உடம்பு வைக்கோல்தான், வேண்டுமென்றால் சிமெண்டில் செய்து தரட்டுமா என்று பாஸ்கல் கேட்டார்.

“ஒடம்பெல்லாம் கெணறு வெட்டியே போய்ட்ச்சிங்க. மூஞ்சி போதும்” என்றாள்.