பாரிவாக்கம் ஏரிக்கரையில் என் மூன்று கற்கள்

ஒரே ஏரியை, ஒரே இடத்தில் நின்று, எல்லாப் பருவத்திலும் படம் பிடிப்பது என் வைராக்கியம். மழையிலும் பனியிலும் எடுத்தாகிவிட்டது. வெயில் மட்டும் பாக்கி. இடம் பிசகக் கூடாதென்று, கேமரா ஸ்டாண்டின் மூன்று காலுக்கும் மூன்று கருங்கல்லைப் பதித்துவிட்டுப் போயிருந்தேன். தை மாதம்கூட அவை வெறும் கற்களாகத்தான் இருந்தன.

இந்தச் சித்திரையில் அங்கே ஏழு கற்கள் இருக்கின்றன. ஏழுக்கும் மஞ்சள், குங்குமம், சிவப்புத் துணி. நான் ஸ்டாண்டை விரிக்கிறேன். மாடு ஓட்டிக்கொண்டு வரும் அம்மாள் குச்சியால் ஸ்டாண்டின் காலைத் தட்டுகிறார்.

"இன்னா நைனா, கன்னிமாருங்க தலை மேல காலை வெக்கிறே?"

"இதுல மூணு கல்லு நான் வெச்சதும்மா. போட்டோ எடுக்க."

"மொதல்ல மூணு பேருதான் வந்தாங்கோ. கன்னிமாருன்னா ஏழு பேராச்சே. மிச்சம் நாலு பேரை நாங்க கூட்டியாந்தோம்."

"அவங்களா வரலைம்மா. மண்ணூர்பேட்டையிலேருந்து நான்தான் பையில தூக்கிட்டு வந்தேன்."

அம்மாள் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்.

"மண்ணூர்பேட்டைல அத்தினி பேர் கீறாங்கோ. அத்தினி பேரை வுட்டுட்டு கன்னிமாருங்க உன் பையில ஏறிக்கினு வந்தாங்கோன்னா சும்மாவா?"

செருப்பைக் கழற்றிவிட்டு, நாலடி பின்னால் போய் நின்று எடுக்கிறேன். வறண்டு வெடித்த ஏரிக்கு முன்னால் ஏழு மஞ்சள் தலைகள் படத்தில் வரிசையாக விழுகின்றன.

"ஆடில கூழு ஊத்துறோம். கொண்டாந்தவன் நீ, வராம இருந்துடாதே."

என் பருவங்களில் ஆடியையும் சேர்த்துக்கொள்கிறேன்.