ஆறில் ஒன்று

லேத்தக்கா என்றால்தான் அவளை எல்லாருக்கும் தெரியும். உதிரிபாகத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் லேத் என்கிற கடைசல் மெஷின் முன்னால் நின்றவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த சம்பளத்தில், அப்போதே பழசாயிருந்த ஒரு நீல நிற எலக்ட்ரிக் கிட்டாரை வாங்கினாள். சனிக்கிழமைகளில் தொழிலாளர் மன்றத்தில் வாசிப்பாள். மற்ற நாட்களில் யாராவது அதைத் தொட்டால் கண்ணாலேயே எரித்துவிடுவாள். கணவருக்கும் அதில் சலுகை கிடையாது.

ஓய்வு பெற்றபின் விரல் மூட்டுகள் தந்தியை அழுத்த மறுத்தன. லேத்தின் கைப்பிடியைச் சுற்ற அந்த விரல்கள் தாராளமாகப் போதும். கிட்டாரை விற்றுச் சொந்தமாக ஒரு பெரிய லேத் வாங்கி, கார் ஷெட்டில் பட்டறை போடுவது என்று முடிவு செய்தாள். பஸ் டிரைவராயிருந்த கணவர் விளம்பரம் எழுதினார்: "எல்லா பாகமும் ஒரிஜினல்."

அது பொய் என்று இருவருக்கும் தெரியும். கிட்டாரின் அடிமுனையில் தந்திகள் உட்கார ஆறு சின்னப் பித்தளைத் துண்டுகள் உண்டு. கல்யாணமான வருடம் அதில் ஒன்று உடைந்துபோக, சாப்பாட்டு இடைவேளையில் லேத்தக்காவே புதிதாக ஒன்றைக் கடைந்து மாட்டினாள்.

"அதை எவன் பார்க்கப் போறான்?" என்றார் கணவர், விளம்பரத்தை எழுதி முடித்து. அவளும் சரியென்று விட்டுவிட்டாள்.

வாங்க வந்தவர் பழைய கிட்டார்களைச் சேகரிப்பவர். பூதக்கண்ணாடி, டார்ச், எந்தப் பாகம் யார் செய்தது என்று குறிக்க ஓர் அட்டை என்று சகல ஆயுதங்களோடும் வந்தார். சாப்பாட்டு மேசையில் கிட்டாரைப் படுக்கவைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"குழந்தையாட்டம் வச்சிருக்கீங்கம்மா!"

அவளுக்கு உச்சி குளிர்ந்தது. கேட்ட விலைக்குத் தலையாட்டிவிட்டு, வந்தவர் கடைசியாகப் பித்தளைத் துண்டுகளில் டார்ச் அடித்தார்.

"என்ன வேலை பாருங்க! இப்படிக் கடைய இப்ப யாரால முடியும்? அந்தக் கம்பெனி கம்பெனிதான்."

கம்பெனியாம் கம்பெனி! லேத்தக்காவுக்குச் சுருக்கென்றது. மனசாட்சி உறுத்தியது என்று நினைத்துவிடாதீர்கள். தன் கைவேலைக்கு வேறு எவனோ பேர் வாங்கிக்கொண்டு போவதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. கணவர் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தார்.

"ஆறுல ஒண்ணு நான் கடைஞ்சது," என்றாள்.

வந்தவர் முகம் மாறியது. "அப்ப விலையைக் குறைக்கணுமேம்மா."

"குறைச்சுக்கோங்க. எதுன்னு முதல்ல கண்டுபிடிங்க பார்ப்போம்."

அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். காபி ஆறி ஏடு கட்டியது. கடைசியில் ஐந்தாவதைத் தொட்டார்.

"இதுதானே? மரை லேசா கோணலா இருக்கு."

"அது உங்க கம்பெனிக்காரன் போட்டது," என்று சொல்லி, மூன்றாவதைக் காட்டினாள். அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார்.

விலை குறைந்தது. பெரிய லேத் போய் சின்ன லேத் என்றாயிற்று.

"தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க," என்று கணவர் முணுமுணுத்தார்.

லேத்தக்கா அதைக் காதில் வாங்கவில்லை. அவள் அட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது துண்டுக்கு நேரே 'கம்பெனி' என்றிருந்தது.

"அதை அடிங்க."

அவர் அடித்துவிட்டு, அவள் பெயரைக் கேட்டு எழுதினார். முப்பத்திரண்டு வருடத்தில் அவள் கை பட்டு வெளியே போன துண்டுகள் லட்சக்கணக்கில் இருக்கும். ஒன்றிலும் அவள் பெயர் இருந்ததில்லை.

"எங்க, ஒரு தடவை படிங்க," என்றாள்.

படித்தார்.

"இன்னொரு தடவை. இவருக்குக் கேக்கலையாம்."