மஞ்சள் தடவாத கடிதம்

கீரனூர்ப் பக்கம் கடலைக் கொல்லையில் குனிந்து குனிந்தே வயதானவள் கண்ணாத்தாள். கையெழுத்துக் கேட்கிற இடத்திலெல்லாம் பெருவிரலை நீட்டுவாள். அதற்காக ஒருநாளும் கூசியதில்லை. அப்படிப்பட்டவள்தான், மகள் பரிமளாவின் கல்யாணத்துக்குத் தம்பிக்குக் கடிதம் எழுதியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

தம்பி குழந்தைசாமி இருப்பது மணமேல்குடியில். ஆத்தா செத்த அன்று, அவனுக்கு யாரும் சொல்லுமுன்பே, கண்ணாத்தாளின் மகன் பிரசாந்த் மாலை போட்டுக் கிடத்திய ஆத்தாவைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டான். பெற்றவள் போனதைக் குழந்தைசாமி டீக்கடையில், அடுத்தவன் போனில் பார்த்தான். வந்தான், கொள்ளி வைத்தான், போய்விட்டான். அதன்பிறகு அக்கா வீட்டு நம்பரில் அழைத்தால் எடுப்பதில்லை. வெற்றிலைபாக்கோடு நேரில் போனபோதும் அறையைவிட்டு வெளியே வரவில்லை. தாய்மாமன் மாலை விழாமல் பரிமளா மணையேறுவதா?

"வாய்ஸ் மெசேஜ் போடும்மா. மாமா கேப்பாங்க," என்றாள் பரிமளா.

"போன்லதான்டி அவனுக்கு நெஞ்சு ஒடஞ்சுச்சு. மறுபடியும் போனா? பேனாவ எடு."

பரிமளா எழுதியதை வாசித்துக் காட்டினாள். மன்னிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம் என்று ஆரம்பித்திருந்தாள்.

"அத அடிச்சிரு. மன்னிப்பா கேட்டான் அவன்? ஆத்தா சேதிதான் அவனுக்குச் சேரல. பேங்குக்கு எழுதுற மாதிரி எழுதாம நான் சொல்றத எழுது. 'தம்பி, வெடியறப்ப நம்ம ஆத்தா கண்ணு முழிச்சுச்சு. கொழந்தையப் பாக்கணும்னுச்சு. காரு புடிச்சு வரச் சொல்றேன் ஆத்தான்னேன். காருல வந்தா அவனுக்கு வாந்தி வரும், பஸ்சுலயே வரச் சொல்லுன்னுச்சு. ரெண்டு மடக்கு நீச்சத்தண்ணி குடிச்சுச்சு. அப்பறம் பேசல.'"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதி முடித்த பரிமளா, மஞ்சள் கிண்ணத்தை இழுத்தாள். கண்ணாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மூலையில் மஞ்சள் தடவிய கடிதம் நல்ல சேதி, வீட்டுக்குள் போகும். சாவுச் சேதிக்கு மஞ்சள் இல்லை. வாசலுக்கு வெளியே நின்று படித்து, கிழித்துப் போட்டு, தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள்.

"இது சாவுக் கடுதாசிடி. கல்யாணத்துக்குத் தனியா ஒண்ணு எழுது. அது பின்னாடி போகட்டும்."

"நல்ல காரியத்த வச்சுக்கிட்டு இப்பப் போயி சாவுக் கடுதாசியா?"

"அவனுக்குச் சேரவேண்டியது. இது சேராம அது சேராது."

ஒன்று போனது. ஒரு வாரம் கழித்து மஞ்சள் தடவியதும் போனது. பதில் இல்லை. பந்தல்கால் ஊன்றியபோதும் கண்ணாத்தாளின் கண் ரோட்டுப் பக்கமே இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் குழந்தைசாமியின் மனைவி திலகவதி போன் செய்தாள்.

"மதினி, மொதக் கடுதாசிய வேப்பமரத்தடியில நின்னு படிச்சாங்க. தலையில தண்ணிய ஊத்திக்கிட்டாங்க. ஆனா கிழிக்க மாட்டேன்னுட்டாங்க. போட்டோவுல ஆத்தா செத்துக் கெடந்துச்சு, இதுல பேசுதேங்கிறாங்க. வீட்டுக்குள்ள கொண்டாரக் கூடாதுல்ல, மாட்டுக்கொட்டாய்க் கூரை எறவாணத்துல சொருகி வச்சிருக்காங்க. தெனமும் எடுத்துப் பாக்குறாங்க."

"மத்தது?" என்றாள் கண்ணாத்தாள்.

"மஞ்சக் கடுதாசி சாமி மாடத்துல இருக்கு மதினி. மால கட்டச் சொல்லியாச்சு. சாயங்காலம் வந்துருவோம். எம் மவன் காரு எடுக்கிறேன்னான். வேணாம், பஸ்சுலயே போவோம்னுட்டாங்க."