இரண்டு மணி நேர வழித்தடம்

மார்ச் ஒன்பதாம் தேதி காலை பத்தரை மணிக்கு, மருத்துவமனையின் ஜன்னலோரக் கட்டிலிலிருந்து ஒரு பேருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. "டிப்போ தாண்டியாச்சு. இடது பக்கம் திரும்பிப் படுங்க தம்பி!" சொன்னவர் ஓய்வுபெற்ற ஓட்டுநர், பருத்த கழுத்து, ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த உள்ளங்கை. அன்றுதான் பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த கணக்கர், இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தார்.

இருவருக்கும் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். வாரம் ஒருமுறை, குழாய் வழியே உள்ளே செலுத்தும் மருந்தை இரண்டு மணி நேரம் அடக்கிவைக்க வேண்டும். அது எல்லாப் பக்கமும் படியும்படி புரண்டு புரண்டு படுக்க வேண்டும். மருந்து பிடிக்காவிட்டால் சிறுநீர்ப்பையையே அகற்றிவிடுவார்கள். பிறகு ஆயுள் முழுக்க வயிற்றின்மேல் ஒரு பை தொங்கும். கணக்கருக்கு அரைமணியிலேயே அடிவயிறு எரிந்தது.

"முடியலண்ணே. எந்திரிச்சிடுறேன்."

"ரயில்வே கேட் போட்டிருக்கான், எங்க இறங்குவீங்க? பின்னாடி பாருங்க, கூடைக்காரம்மா கண்டக்டர்கிட்ட மல்லுக்கு நிக்குது. அந்தக் கூடைக்கும் டிக்கெட் எடுக்கணுமாம்!"

கணக்கர் சிரித்தார், சிரித்ததில் சிந்திவிடுமோ என்று பயந்து பல்லைக் கடித்தார். கால்மாட்டில் அமர்ந்திருந்த ஓட்டுநரின் மனைவி முகத்தைச் சுளித்தார். "வீட்ல கூப்பிட்டா 'உம்'முன்னு ஒரு சத்தம். இங்க படுத்துக்கிட்டு ஊரையே சுத்திக் காட்டுறாரு."

தான் வேலையில் ஓட்டிய அந்த இரண்டு மணி நேர வழித்தடத்தில் எந்த வாரமும் அவர் ஒரு நிறுத்தத்தைக்கூட விட்டதில்லை. செவிலியர் குறுக்கிட்டால், விட்ட இடத்திலிருந்தே வண்டியை எடுப்பார். நேரம் முடிந்ததும் கழிவறைக்குள் சென்று தண்ணீர்க் குழாயை முழுவதுமாகத் திறந்துவிடுவார். தண்ணீரின் இரைச்சலையும் மீறி அவர் முனகுவது, வாசலில் தன் முறைக்குக் காத்து நிற்கும் கணக்கருக்குக் கேட்கும். வெளியே வரும்போது மீசையைத் துடைத்துக்கொண்டு, "போங்க, ரோடு காலியா இருக்கு" என்பார்.

"ஒரு நாள் நான் ஓட்டுறேண்ணே. நீங்க சும்மா உக்காந்து வாங்க" என்றார் கணக்கர் ஒருமுறை.

"கடன் சொல்றீங்களா? சரி, வேணுங்கறப்ப கேட்டு வாங்கிக்கிறேன்."

கோடையின் முடிவில் இருவரையும் சோதித்தார்கள். கணக்கருக்கு மருந்து பிடித்திருந்தது. ஓட்டுநருக்குப் பிடிக்கவில்லை.

அறுவைச் சிகிச்சை நாளன்று கணக்கர் விடிந்தும் விடியாமலும் வந்து கட்டிலருகே அமர்ந்தார். டிப்போவிலிருந்து கடைசி நிறுத்தம் வரை அவருக்கு மனப்பாடம். 'எடுங்க தம்பி' என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார். ஓட்டுநர் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆபீசுக்கு நேரமாகலையா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

ஊழியர்கள் வந்து அவரைத் தள்ளுகட்டிலுக்கு மாற்றினார்கள். அது அசைந்து நகர்ந்ததும், போர்வைக்குள் அவருடைய வலது கால் மெல்ல முன்னே நீண்டு பிரேக்கை மிதித்தது.