எக்சேஞ்சுக்குள் கட்டிய ஏணை

டெலிபோன் ஆபரேட்டர் வேலை என்பது, ஊரே பேசுவதற்காக நாம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. பிள்ளை வளர்ப்பு அதற்கு நேர் எதிர். நாம் தொண்டை கிழியக் கத்துவோம், கேட்க ஆள் இருக்காது. இந்த இரண்டையும் ஒரே சமயத்தில் செய்து சீரழிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படிக்கலாம், ஆனால் 'நீங்கள் ஏன் இப்படிச் செய்யவில்லை' என்று யோசனை சொல்லக் கூடாது.

எண்பதுகளின் பிற்பாதியில் கள்ளக்குறிச்சி எக்சேஞ்சில் எனக்கு டிரங்க் போர்டு. வெளியூருக்குப் பேச வேண்டும் என்றால் எங்களிடம் புக் பண்ண வேண்டும். நாங்கள் போர்டில் ஒரு ஒயர்க் கயிற்றை இந்த ஓட்டையிலும் அதன் ஜோடிக் கயிற்றை அந்த ஓட்டையிலும் செருகி, சாவி என்கிற சின்ன விசையைத் தட்டி மணியடித்தால் இரண்டு ஊர் பேசிக்கொள்ளும். என் கணவர் கல்வராயன் மலைமேல் வாத்தியார். சனிக்கிழமை இறங்குவார், திங்கட்கிழமை விடியலில் ஏறுவார். பஸ் மக்கர் செய்தால் இரண்டும் கிடையாது. கீழே நான், நாலு வயது கவிதா, ஒன்றரை வயது பாபு. நான் டூட்டிக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அஞ்சலை என்ற பெண் பக்கத்துக் கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷங்கள் அவை. வாரத்தில் ஒரு நாளாவது ரோட்டில் புளியமரம் படுத்திருக்கும். மரம் படுத்தால் பஸ் வராது, பஸ் வராவிட்டால் அஞ்சலை வரமாட்டாள், அஞ்சலை வராவிட்டால் இரண்டு பிள்ளைகளும் என்னோடு எக்சேஞ்சுக்கு வரும். வெளியாள் உள்ளே வரக்கூடாது என்று கதவிலேயே எழுதியிருக்கும். போனில் குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறது என்று யாரோ ஒரு புண்ணியவான் புகார் கொடுத்ததில் எனக்கு ஏற்கெனவே ஒரு கண்டிப்பு வந்தாயிற்று. இன்னொரு தடவை மாட்டினால் உளுந்தூர்பேட்டைக்கு மாற்றல். கணவர் மலைமேல், நான் உளுந்தூர்பேட்டையில், பிள்ளைகள் நடுவழியில் என்று குடும்பம் நடத்த முடியாது. வேலையை விட வேண்டியதுதான். எனக்கோ அந்த வேலை உயிர்.

பார்க்காத சூப்பர்வைசர்

எங்கள் சூப்பர்வைசர் நல்ல மனுஷர், ஆனால் பொய் சொல்ல வராது. 'குழந்தையைப் பார்த்தீர்களா' என்று மேலே கேட்டால் பார்த்தேன் என்றுதான் சொல்லுவார். ஆகவே பார்க்காமலே இருந்துவிடுவது என்று தீர்மானித்தார். பிள்ளைகள் வந்த நாட்களில் வாசலில் நின்று இரண்டு தடவை இருமுவார். பிறகு, என்றைக்கோ நின்றுபோன சீலிங் ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டே உள்ளே வருவார், பேசுவார், போவார். ஜன்னல் கம்பியிலிருந்து சுவர்க் கொக்கிவரை என் பழைய புடவையில் பாபு தூங்க ஏணை கட்டியிருந்தேன். அதில் இரண்டு முறை முட்டிக்கொண்டு, 'இங்கே என்னமோ காற்று கனமாக இருக்கிறது' என்பதுபோல் விலகிப் போனார்.

ஒருநாள், புக் ஆன கால்களை நாங்கள் எழுதிவைக்கிற டிக்கெட்டுகளைச் சரிபார்க்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பார்வை ஃபேனைவிட்டு இறங்கவில்லை, முகம் மட்டும் கோணிக்கொண்டே போனது. என்ன சார் என்றேன். நிதானமாகச் சொன்னார்:

"கீழ இன்னா இருக்குதுன்னு நான் பாக்கலம்மா. ஆனா அது என் கால கடிச்சிக்கினு இருக்குது."

பாபு போட்ட லைன்

ஊரில் ஒரு ரைஸ்மில் அண்ணனும் உரக்கடைத் தம்பியும் இருந்தார்கள். பாகப்பிரிவினையில் ஒரு கிணற்றுக்காகப் பேச்சை விட்டவர்கள். ஒருவர் கல்யாணத்துக்கு வருகிறார் என்றால் மற்றவர் மொய்யைக் கொடுத்தனுப்பிவிடுவார்.

ஒரு மறியல் நாளில் கவிதாவை மூக்குச் சிந்த வைக்க நான் திரும்பின நேரம் பாபு ஸ்டூலைப் பிடித்து எழுந்து நின்றிருக்கிறான். கையில் அகப்பட்ட கயிறுகளை இரண்டு ஓட்டையில் செருகி, சாவிகளை மொத்தமாகத் தட்டிவிட்டான். நான் திரும்பிக் காதில் வைத்தபோது, "சொல்லு" என்கிறார் அண்ணன். "நீ கூப்புட்ட, நீ சொல்லு" என்கிறார் தம்பி. "நான் எங்கடா கூப்புட்டேன்?" "பின்ன, தானா மணியடிச்சிதா?" யார் முதலில் கூப்பிட்டது என்பதில் ஆரம்பித்துக் கிணறுவரை போய், கடைசியில் அண்ணனின் மூட்டுவலிக்கு வந்து நின்றார்கள். பிரித்துவிட எனக்கு மனசு வரவில்லை. பாபு ஒரு நல்ல காரியம் செய்தான் என்று இரண்டு நாள் பூரித்துப் போயிருந்தேன். மூன்றாம் நாள் தம்பி கூப்பிட்டார்:

"ஆபரேட்டரம்மா, எங்கண்ணன் கேட்டா லைன் ரிப்பேர்னு சொல்லிடுங்க. ஒரு நாளைக்கு ஏழெட்டு தபா கூப்புடறாருங்க. பேசாம இருந்தப்பதான் நிம்மதியா இருந்தன்."

சோறு ஊட்டிய ஸ்டேஷன்

கவிதா சாப்பிடமாட்டாள். சாப்பிடாவிட்டால் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்று எல்லாத் தாய்மார்களும் சொல்கிற அதே பொய்யைத்தான் நானும் சொன்னேன். மற்ற தாய்மார்களிடம் போலீஸ் ஸ்டேஷனுக்கு நேர் லைன் இருக்காது, என்னிடம் இருந்தது. "எங்க, குடு பாக்கலாம்" என்றாள் அவள். ரோட்டில் எங்கெங்கே மரம் கிடக்கிறது என்று சொல்ல ஏட்டய்யா அன்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கிடைத்த இடைவெளியில் விஷயத்தைச் சொல்லி, ஹெட்செட்டைக் கவிதாவின் காதில் வைத்தேன். "யாரு அங்க சோறு துன்னாதது?" என்று ஒரு உறுமல். கிண்ணம் காலி.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் சோற்றைப் பிசைந்ததும் "போலீஸ் மாமா" என்று கை நீட்டினாள். உறுமினால்தான் வாய் திறக்கும். ரசம் சோற்றுக்கு ஒரு உறுமல், மோர் சோற்றுக்கு ஒன்று. ஏட்டய்யாவும் ஊரெல்லாம் கலவரமாக இருந்த அந்த நாட்களில் சொன்ன பேச்சைக் கேட்டது இந்த ஒரு ஆள்தான் என்பதாலோ என்னவோ, சலிக்காமல் உறுமினார். ஒரு மதியம் நான் கூப்பிட்டபோது புதுக் குரல் ஒன்று எடுத்தது. பாரா நிற்கிற போலீஸ்காரர். மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"ஏட்டய்யா பந்தோபஸ்துக்குப் போயிருக்காருங்க. பாப்பாவ வேணும்னா நான் மிரட்டட்டுங்களா?"

கணவருக்கு மூன்று நிமிஷம்

மலைப்பாதை அடைத்துவிட்டால் என் கணவர் மேலேயே மாட்டிக்கொள்வார். அங்கே ஒரு அரசு ஆபீசில் மட்டும் போன் உண்டு, அதுவும் மனசு வைத்தால் வேலை செய்யும். அப்படி மனசு வைத்த ஒருநாள் அவர் பேசினார். போர்டு முழுக்க லைன் கேட்டு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. பாபுவுக்கு ஜுரம் இறங்கிவிட்டதா, கவிதா ராத்திரி அழுகிறாளா என்று அவர் கேட்கக் கேட்க நான் பதில் சொல்லிக்கொண்டே மற்றவர்களுக்கு லைன் போட்டேன். மூன்று நிமிஷம் ஆனதும் என் வாய் தன் பாட்டுக்கு, "மூணு நிமிஷம் முடிஞ்சுது சார், நீட்டிக்கணுமா?" என்று கேட்டுவிட்டது. மலைக்காற்று சத்தத்துக்கு நடுவே அவர் சொன்னார்:

"நீட்டிக்க வேணாம்மா. உங்க வூட்டுக்காரரு நல்லா இருக்காருன்னு மட்டும் சொல்லிடுங்க."

மறியலில் ஒரு கைக்குழந்தை

மேலிடத்து அதிகாரி எந்த நாளும் வரலாம், இந்த வாரம் பிள்ளைகள் வேண்டாம் என்று சூப்பர்வைசர் ஃபேனிடம் சொல்லியிருந்தார். பார்த்தால் மறுநாளே மரம் விழுந்துவிட்டது. கவிதாவை எதிர்வீட்டில் விட்டேன். பாபுவை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை, கடிக்கிறவன் என்று பேர். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு அஞ்சலையின் ஊருக்கே நடந்தேன். ஊர் முனையில் நடுரோட்டில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் அஞ்சலை!

"வூட்டுக்கு ஒரு ஆளு வரணும்னு சொல்லிட்டாங்கம்மா. எங்க ஜனத்துக்குதான கேக்கறாங்க, நான் எப்டி எழுந்து வர்றது?" என்றாள். அவள் சொன்னது நியாயம். அதோடு நிறுத்தாமல், "புள்ளைய இங்கியே குடுத்துட்டுப் போங்க. ரோட்டுல குந்திக்கினு நான் வேற இன்னா செய்யப்போறன்?" என்று கை நீட்டினாள். பெற்றவள் செய்கிற காரியமா என்று கேட்பீர்கள். உங்களுக்கு டூட்டி நேரம் தெரியாது. கொடுத்துவிட்டு ஓடினேன்.

பத்து மணிக்கு மேல் ஏட்டய்யா தன் மேலதிகாரிக்கு லைன் கேட்டார். சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கக் காதில் வைத்தேன். "ரோட்டுல குந்தினவங்க எல்லாரையும் கைது பண்ணி கல்யாண மண்டபத்துல வச்சிருக்கோம்ங்க. ஆம்பளைங்க, பொம்பளைங்க, கைக்குழந்தை ஒண்ணு." குழந்தை யாருடையது என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். "பேரு பாபுங்க. தாயார் கவர்மென்ட்டு வேலைங்க, டெலிபோன் எக்சேஞ்சுங்க." என் கை கயிற்றின்மேல் போனது. ஒரு இழுப்பு இழுத்தால் போதும், லைன் அறுந்தது என்று ஆகிவிடும். ஆனால் இழுக்கவில்லை. ஊர்க் காரியத்துக்குப் போட்ட லைனை என் காரியத்துக்காக உருவ மனசு வரவில்லை. உட்கார்ந்து அழுதேன், அழுதுகொண்டே 'நம்பர் ப்ளீஸ்' சொன்னேன்.

டூட்டி முடிந்து மண்டபத்துக்கு ஓடினேன். வேறு ஊர்களில் ரத்தம் சிந்திய நாட்கள் அவை. பிள்ளையைக் கண்ணால் பார்க்கும்வரை எனக்கு உயிர் இல்லை. அவனோ மணமேடைமேல் நின்றுகொண்டு, முஷ்டி பிடித்த கையை உயர்த்தி "வேணும்! வேணும்!" என்று கத்துகிறான், நூறு பேர் கீழே பதில் கோஷம் போடுகிறார்கள். அவனுக்கு வந்த முதல் முழு வார்த்தை அதுதான். என்னைப் பார்த்ததும் அஞ்சலை முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள்:

"கேட்டது கெடைக்குதோ இல்லியோம்மா, புள்ள இன்னிக்கு ரெண்டு தபா சாம்பார் சோறு துன்னுச்சி."

விசாரணை

அரசு ஊழியர் குடும்பம் மறியலில் கலந்துகொண்டதாக மேலே போய்விட்டது. விசாரிக்க ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். அவர் வந்து சேர்ந்த அரை மணியில் அவர் வந்த ரோட்டில் மரம் விழுந்தது. அஞ்சலை ஊர் ரோட்டில் காலையிலேயே மரம் விழுந்து அவள் வரவில்லை, இப்போது எனக்கு அடுத்த டூட்டிக்கு வரவேண்டியவளும் வரவில்லை. கவிதா எதிர்வீட்டில். பாபு ஏணையில். சூப்பர்வைசர் ஃபேனைப் பார்த்தபடி ஒரு மூலையில்.

"உங்க பையன் மறியல்ல உட்கார்ந்தானா?" என்று கேட்டார் அதிகாரி.

"அவனுக்கு ஒன்றரை வயசு சார்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"உட்கார்ந்தான் சார்."

"சொந்த விருப்பத்துலயா?"

"தூக்கத்துல சார்."

அதை அவர் எழுதிக்கொண்டார். அடுத்ததாக, பிள்ளையை எப்போதாவது இந்த அறைக்குள் கொண்டுவந்தது உண்டா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் ஏணைக்குள்ளிருந்து ஒரு கால் நீண்டது. உளுந்தூர்பேட்டை என் கண்முன் வந்து நின்றது. அதே நேரம் போர்டில் அத்தனை விளக்கும் ஒன்றாக எரிந்தது. ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், தாலுகா ஆபீஸ், ரைஸ்மில் அண்ணன். பாபு வீறிட்டான். நான் யோசிக்கவே இல்லை. அவனைத் தூக்கி, எதிரில் இருந்த மடியில் வைத்து, "ஒரு நிமிஷம் புடிங்க சார்" என்று சொல்லிவிட்டு ஹெட்செட்டை மாட்டினேன்.

அந்த ஒரு நிமிஷம் சாயங்காலம்வரை நீண்டது. அதிகாரியின் வெள்ளைப் பேன்ட்டில் பாபு செய்ய வேண்டியதைச் செய்தான். துண்டைக் கட்டிக்கொண்டு, பேன்ட்டை ஜன்னலில் காயப்போட்டு, அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தார். ஒரு கையில் பாபு, மறு கையில் அவனுக்கென்று டீக்கடையில் வாங்கிய பிஸ்கட். அப்போதுதான் அவருடைய மேலதிகாரி லைனுக்கு வந்தார். ரிசீவரைத் தோளில் இடுக்கியபடி பேசினார். 'விசாரித்தீர்களா, ரூமில் குழந்தை ஏதாவது இருக்கிறதா' என்ற கேள்வி எனக்கும் கேட்டது. பிஸ்கட் கைக்கு எட்டாத கோபத்தில் பாபு கையை உயர்த்தி, மண்டபத்தில் கற்ற அத்தனை பலத்தோடும் கத்தினான், "வேணும்! வேணும்!"

'அது என்ன சத்தம்?' என்றது போன். அதிகாரி என்னைப் பார்த்தார். பாபுவைப் பார்த்தார். பிறகு மெல்ல அண்ணாந்து, சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்த அதே ஃபேனைப் பார்த்தார்:

"மறியல் கோஷம் சார். எக்சேஞ்ச் வரைக்கும் வந்துட்டாங்க. கேக்கறதைக் குடுத்து அமைதிப்படுத்திட்டு நானே கூப்பிடறேன் சார்."

உளுந்தூர்பேட்டை ஆர்டர் வரவே இல்லை. வேலையையும் பிள்ளைகளையும் தனியொருத்தியாகச் சமாளித்தவள் என்று சொல்லி, ஓய்வு பெற்ற அன்று எனக்குப் போட்ட மாலை நியாயமாக ஏட்டய்யாவுக்கும் அஞ்சலைக்கும் அந்த ஓடாத ஃபேனுக்கும் போயிருக்க வேண்டியது.