இரண்டு தலைக்கு ஒரு கண்ணாடித் தலையணை

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்று இன்றைக்கும் தடுமாறுவேன். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் மனதுக்குள் திருத்திக்கொள்ளுங்கள். பேசுவதற்கே கூச்சப்படுகிற ஆள் நான். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஊரில் ரொட்டிக்கடை அம்மாள் ரொட்டியை இடது கையால்தான் எடுத்துக் கொடுப்பார். சில்லறையும் அதே கையால். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கோயிலில் ஆண்டவரின் உடலாகத் தரும் நற்கருணை அப்பத்தை வாங்கும்போது எல்லாரும் இடது உள்ளங்கையை மேலே வைத்து நீட்டினார்கள். ஆண்டவரை இடது கையில் வாங்குகிறார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நம் ஊர்ப் பழக்கப்படி நான் நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். சின்ன வயதில் பங்குச்சாமியாரிடம் பூவை இடது கையால் நீட்டியதற்கு அப்பா அங்கேயே முதுகில் ஒன்று வைத்தார். அந்த அடி என் கைக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்துத்தான் நாங்கள் போனோம். நல்லம்பள்ளியில் லாரிப் பட்டறையில் டிங்கர் வேலை செய்துகொண்டிருந்த நான், அங்கே கொஞ்ச நாள் வீட்டிலேயே சும்மா இருந்தேன். ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லி, ஹில்டா என்கிற அம்மாளின் கண்ணாடிப் பட்டறையில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தேன். நெருப்புக்குப் பயப்படாத ஆள் என்று பார்த்துவிட்டு, அவர் என்னைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார்.

ஹில்டா என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சின்ன வயதில் ஒரு தொழிற்சாலையில் பீர் குடிக்கிற கிளாஸ் ஊதிக்கொண்டிருந்தாராம். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பிறகு சொந்தமாக ஓர் உலை வைத்து விளக்குக் கூண்டு செய்திருக்கிறார், பூச்சாடி செய்திருக்கிறார். ஒன்றும் சரியாகப் போகவில்லை. அவருடைய அம்மா இறந்தபோது உடலை எடுத்துப் போன பிறகும், தலையணையில் தலை வைத்த பள்ளம் அப்படியே இருந்திருக்கிறது. அதைத் தட்டிச் சரிசெய்ய அவருக்கு மனம் வரவில்லை. அதிலிருந்துதான் கண்ணாடியில் தலையணை செய்ய ஆரம்பித்திருக்கிறார். நிஜத் தலையணை அளவு, உள்ளே வெறும் காற்று, நடுவில் யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி ஒரு பள்ளம். துணியின் சுருக்கம்கூடத் தெரியும். மியூசியங்கள் வாங்கி வைத்தன. முதன்முதலில் பார்த்தபோது துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டேன். கலை என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பள்ளம் எனக்குத் தெரியும்.

போன வருடம் ஒரு கண்காட்சிக்காக நீளமான தலையணை ஒன்று செய்ய நினைத்தார். அதில் இரண்டு பள்ளங்கள். ஒன்று அவருடைய அம்மாவுடையது. இன்னொன்று யாருடையது என்று சொல்லவில்லை. அவருக்குத் தோள்மூட்டு தேய்ந்துவிட்டது, உலைக்கு கேஸ் விலையும் கட்டுப்படியாகவில்லை. இது வரவில்லையென்றால் இனி உலையைப் பற்றவைக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

வேலை இப்படி. அவர் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடி ஊதும் இரும்புக் குழலை உருட்டிக்கொண்டே இருப்பார். அதன் முனையில் தலையணை, செக்கச்சிவந்து, வெல்லப்பாகு போல இளகி நிற்கும். அவர் கையில் வெக்கை அடிக்காமல் நான் வலது கையால் ஒரு மரப்பலகையை மறைத்துப் பிடிக்க வேண்டும். அதே நேரம் இடது கையால், நுனியில் உருகிய கண்ணாடி ஒட்டிய கம்பியை நீட்ட வேண்டும். அந்தச் சொட்டை அவர் தலையணையின் மூலையில் ஒட்டவைத்து, கம்பியிலிருந்து கத்தரித்துவிடுவார்.

முதல் நாள் அம்மாவின் பள்ளத்தை மட்டும் அழுத்தியிருந்தார். நான் கம்பியை நீட்டப் போனேன். இடது கை நகரவில்லை. யோசிக்காமல் கை மாற்றினேன். பலகை விலகிய அந்த நொடியில் வெக்கை அவர் முழங்கையில் அடித்தது. அவர் துள்ளினார். மூலையில் விழ வேண்டிய சொட்டு நேராக அவர் அம்மாவின் பள்ளத்தில் விழுந்தது.

ஹில்டா திட்டவில்லை. தலையணையைத் தட்டித் தொட்டியில் போட்டார். உடைந்த சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “பயமா?” என்று கேட்டார். “நைன்” என்றேன், இல்லை என்று. “அப்படியென்றால்?” என்றார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் அதற்குப் பதில் இல்லை. தலை குனிந்து நின்றேன். தன்னோடு வேலை செய்ய எனக்கு விருப்பமில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஸ்டெல்லாவை வரவழைத்தார்.

“பயமான்னா இல்லங்கறீங்க, உடம்புக்கான்னா இல்லங்கறீங்க. அப்புறம் என்னதாங்க?” என்றாள் ஸ்டெல்லா.

“பீச்சாங்கையில குடுக்கச் சொல்றாங்க.”

“ஆமா, அதுக்கென்ன?”

“சோறு போடற மனுஷிக்குப் பீச்சாங்கையில எப்படி ஸ்டெல்லா குடுக்கறது?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அட மனுஷா! நெருப்பத்தான குடுக்கறீங்க, வெத்தல பாக்கா வெச்சுக் குடுக்கறீங்க?”

அவள் ஜெர்மனில் எடுத்துச் சொன்னதும் ஹில்டா தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தினமும் உனக்கு இந்தக் கையால்தானே காபி கொடுத்தேன்?” என்று கேட்டார்.

“சொல்லு ஸ்டெல்லா. மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு. குளுருக்குக் குடிச்சுட்டேன்” என்றேன்.

ஹில்டாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு, “உங்கள் ஊரில் வலது கை வேலையாக இருந்தால் என்னதான் செய்வீர்கள்?” என்று கேட்டார். ஸ்டெல்லா சொன்னாள்: “கொடுக்கிறவர் ‘பீச்சாங்கைங்க’ என்பார். வாங்குகிறவர் ‘பரவால்லைங்க’ என்பார். அவ்வளவுதான்.” ஹில்டா அதைச் சொல்லிப் பார்த்தார். நாலு தடவை தப்பு, ஐந்தாவது கொஞ்சம் பரவாயில்லை.

நாங்கள் கிளம்பும் முன் ஹில்டா ஒரு துணித் தலையணையைப் பெஞ்சில் போட்டு என்னைப் படுக்கச் சொன்னார். இரண்டாவது பள்ளம் என் தலையுடையதாம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “நல்லா அழுத்திப் படுங்க. உங்க மண்டைக்கு ஆழமாத்தான் பதியும்” என்றாள் ஸ்டெல்லா.

அந்த வாரமே மறுபடி ஊதினோம். கை சுடாமல் இருக்க ஈரக் காகித அட்டையை வைத்து முதலில் அம்மாவின் பள்ளத்தை அழுத்தினார், அடுத்து என்னுடையதை. மூலைக்கு நேரம் வந்தது. வலது கையில் பலகை. இடது கையால் கம்பியை நீட்டி, “பீச்சாங்கைங்க” என்றேன். உலைச் சத்தத்துக்கு மேலே, கண்ணை எடுக்காமல், “பரவால்லைங்க” என்றார் ஹில்டா. நான்கு மூலைக்கும் நான்கு தடவை. ஆறவைக்கும் அடுப்பில் வைத்து மூடினோம். அவசரப்பட்டுத் திறந்தால் வெடித்துவிடும். அடுப்புக் கதவைத் திறந்த காலையில் அது முழுசாக இருந்தது. ஹில்டா இரண்டு கையாலும் காபியை நீட்டினார். உலையை அவர் இன்னும் அணைக்கவில்லை.

இப்போது லீவில் நல்லம்பள்ளியில் அண்ணன் வீட்டில் இருந்து இதை எழுதுகிறேன். கண்காட்சியில் எடுத்த படத்தை போனில் காட்டினேன்.

“ஏன்டா, இதுல படுத்தா கழுத்துப் புடிச்சுக்காது?” என்றார் அண்ணன்.

“படுக்கறதுக்கில்லீங்க, பாக்கறதுக்கு” என்று அவரை அடக்கிவிட்டு, அண்ணி போனைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். “இதுல உங்க தலை எதுங்க கொழுந்தனாரே?”

வலப்பக்கப் பள்ளத்தைத் தொட்டுக் காட்டினேன். அண்ணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “நீங்க இங்க இருக்கறப்பவும் அங்க படுத்துட்டே இருக்கீங்களா?” என்றார்.

இங்கே தினமும் காலையில் நான் எழுந்ததும் அண்ணி என் தலையணையைத் தட்டி வெயிலில் போட்டுவிடுகிறார். பஞ்சு உப்பிக்கொள்கிறது. யாரும் படுத்த அடையாளமே இருப்பதில்லை. இரவில் மறுபடி தலை வைத்துப் பதித்துக்கொள்கிறேன்.

எழுதி முடித்தது: தை மாதம், பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை.